பத்தாயிரம் அதிரசமும் பன்னிரண்டு கைகளும்

உங்க பூட்டனுக்குப் பூட்டன் பிறக்காத காலத்தில், கரும்பாறைச் சீமையை வீரகேது என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். ராஜாவுக்கு எதிலும் அவசரம், எதிலும் பெருமை. பக்கத்து நாட்டு ராஜா ஆயிரம் அதிரசம் சுட்டுத் திருவிழா நடத்தினார் என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள். போதாதா? பத்தாயிரம் அதிரசம், அதுவும் ஒரே கொப்பரையில் சுட வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

தலைமைச் சமையல்காரன் சடையன் கையைக் கட்டிக்கொண்டு, அடுப்பு அவ்வளவு பாரம் தாங்காது என்றான். என் அரண்மனையில் அடுப்புகூட என் பேச்சைக் கேட்கும் என்றார் ராஜா. அடுப்பு கேட்கவில்லை. மூன்றாம் ஈட்டிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. கொதிக்கிற எண்ணெய் சாய்ந்து, கொப்பரையைப் பிடித்திருந்த பன்னிரண்டு பேருக்கும் ஒரு கை முழங்கை வரை வெந்துபோனது. சடையனும் அதில் ஒருவன். அவன் மனைவி பவளாயி பாகு காய்ச்சிக்கொண்டிருந்தவள். அவளுக்கும் இடது கையில் எண்ணெய் தெறித்தது.

பவளாயி மலைக்காட்டுப் பெண். மடைப்பள்ளியில் இருந்த மலைத்தேனை எடுத்துத் தன் கையில் பூசிக்கொண்டு, புருஷன் கைக்கும் பூசப் போனாள். அதற்குள் வந்துவிட்டார் அரண்மனை வைத்தியர் நஞ்சுண்டர். அந்தத் தேன் குடத்தைக் காலால் தள்ளினார் பாருங்கள், பாவி மனுஷன்.

அவரிடம் ராஜகளிம்பு என்று ஒன்று இருந்தது. அதைப் பூசித் துணி சுற்றி, மேலே ராஜமுத்திரை குத்திவிடுவார்கள். பத்து நாள் யாரும் அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் முத்திரையை உடைத்த குற்றம். உள்ளே புண் என்ன ஆகிறது என்று வைத்தியரே பார்க்க மாட்டார். பிழைத்தால் களிம்பு காப்பாற்றியது, செத்தால் விதி. சௌகரியமான வைத்தியம்.

ராஜமுத்திரைக் களிம்பை விட்டு ஈ மொய்க்கிற தேனைப் பூசியவள் ராஜாவையே அவமதித்தாள் என்று நஞ்சுண்டர் சபையில் முறையிட்டார். பூசிய கையை வெட்டிவிடலாமா என்று ராஜா யோசித்தபோது, மந்திரி ஏகாம்பரர் எழுந்தார்.

"மகாராஜா, ஆறு பேருக்குக் களிம்பு, ஆறு பேருக்குத் தேன். பத்தாம் நாள் பார்ப்போம். தேன் தோற்றால் இவள் கையை வெட்டலாம். புண்ணைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நஞ்சுண்டரை விட்டால் ஆள் ஏது?"

நஞ்சுண்டருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. உடனே ஒத்துக்கொண்டார்.

யாருக்கு எது என்று குடத்தில் ஓலைச்சீட்டுப் போட்டு எடுத்தார்கள். சடையனுக்குக் களிம்பு விழுந்தது. பவளாயி மந்திரியின் காலைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு சீட்டை மட்டும் மாற்றிவிடுங்கள் என்று அழுதாள். மாற்றினால் வைத்தியர் கள்ளச்சீட்டு என்பார், எல்லாமே கெட்டுப்போகும் என்று சொல்லி மந்திரி காலை விடுவித்துக்கொண்டார்.

களிம்புக்காரர் மணிக்கட்டில் வெள்ளை நூல், தேன்காரருக்குச் சிவப்பு. பவளாயி தினமும் ஆறு பேருக்கும் கட்டைப் பிரித்து, புண்ணைக் கழுவி, புதுத்தேன் பூசிக் கட்டினாள். பக்கத்துக் கூடத்தில் புருஷன் முனகுவது கேட்கும். ஆறாம் நாள் அவனுக்குக் காய்ச்சல் கொதித்தது. கட்டிலிருந்து வாடை வந்தது. முத்திரைக்குக் காவல் நின்ற சேவகன் அவளைக் கிட்டே விடவில்லை.

பத்தாம் நாள் சபையில் ஒரு திரை கட்டினார்கள். திரையில் பன்னிரண்டு துளை. முகம் தெரியாமல், கட்டுப் பிரித்த கைகள் மட்டும் வெளியே நீண்டன. நஞ்சுண்டர் முதலில் வெள்ளை நூல் பக்கம் போனார். ஆறு கையிலும் புண் வற்றி, இளந்தோல் ரோஜா நிறத்தில் படர்ந்திருந்தது.

"பார்த்தீர்களா மகாராஜா, இதுவல்லவோ வைத்தியம்!"

அடுத்துச் சிவப்பு நூல் பக்கம் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார். சீழும் அழுகலுமாக இருந்தது. "இது கொலை. இந்தக் கண்றாவியைப் பூசினவர் கையை இப்போதே வெட்ட வேண்டும்" என்றார்.

மந்திரி திரையை விலக்கினார். வெள்ளை நூல் கட்டி நின்றவர்கள் தேன் பூசிய ஆறு பேர். அன்று காலையில்தான் மந்திரி நூல்களை மாற்றிக் கட்டியிருந்தார். முகங்களைப் பார்த்ததும் நஞ்சுண்டர் மூக்கைப் பொத்தியிருந்த கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"தீர்ப்பு உன் வாயிலேயே வந்துவிட்டது" என்றார் ராஜா. பிறகு எண்ணிப் பார்த்தார். சிவப்பு நூலில் ஐந்து கைகள்தான் இருந்தன. ஆறாவது துளை காலியாக இருந்தது.

"இன்னொருத்தன் எங்கே?"

"அடுப்பு தாங்காதுன்னு உங்ககிட்டச் சொன்னவர் மகாராஜா" என்றாள் பவளாயி. "நேத்து மத்தியானம் போயிட்டார். முத்திரை உடையாமத்தான் போனார்."

ராஜா தலையைக் குனிந்துகொண்டு, முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கீழே வைத்தார். இனி எந்தப் புண் மேலும் அது விழாது என்றார். நஞ்சுண்டர் கையை வெட்டச் சேவகர் வந்தபோது பவளாயிதான் தடுத்தாள். அழுகின கை அஞ்சு இருக்கிறது, தினம் கழுவிக் கட்ட ஆள் வேண்டும், அந்தக் கை இருக்கட்டும் என்றாள். அன்றிலிருந்து நஞ்சுண்டர் அவள் சொன்னபடி புண் கழுவினார்.

ராஜா மந்திரியின் புத்தியைப் புகழ்ந்து, முத்துமாலையைத் தன் கையாலேயே போட்டார். எல்லாரும் கலைந்தார்கள். பவளாயி மட்டும் நின்றாள்.

"ஐயா, நூலை மாத்தி இத்தனை பேரையும் ஏமாத்தத் தெரிஞ்ச உங்களுக்கு, அந்த ஒரு சீட்டை மாத்தத் தெரியலையா?"

கரும்பாறைச் சீமையில் ஏகாம்பரர் பதில் சொல்லாத கேள்வி கிடையாது என்பார்கள். அன்று அவர் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் போகும்வரை அப்படியே நின்றார்.