சம்பளம் வாங்காத கரடி முதலாளி

மான்குட்டைக் கரையில் மொத்தையன் என்ற கரடி ஒரு கடை போட்டது. தினைமாவில் தேன் ஊற்றிப் பிசைந்து, உருண்டை பிடித்து விற்கும் கடை. அந்தக் காட்டில் புங்கங்கொட்டைதான் காசு. ஓர் உருண்டைக்கு ஒரு கொட்டை.

முதல் நாளே கூட்டம் அள்ளியது! குரங்குகள் மரத்தில் தலைகீழாகத் தொங்கியபடியே வாங்கித் தின்றன. காட்டெருமை பத்து உருண்டையை ஒரே வாயில் போட்டுக்கொண்டு, "இன்னும் பத்து!" என்றது.

கடையில் வேலைக்கு இருந்தது செங்கமலம் என்ற ஆமை. மாவு பிசைய, உருண்டை பிடிக்க எல்லாவற்றுக்கும் அதுதான். மாதம் முப்பது கொட்டை சம்பளம்.

கல்லா ஒரு மண்பானை. மொத்தையனின் கை நாள் முழுக்க அதற்குள்தான் இருந்தது. காலையில் பலாப்பழம் வாங்க ஒரு கை. மதியம் மயில்தோகைக் குடை வாங்க இரண்டு கை. மச்சான் பெண் பார்க்கப் போகிறான் என்று இன்னொரு கை. நடுநடுவே, 'ருசி பார்க்கிறேன்' என்று நாற்பது உருண்டை வயிற்றுக்குள் போயின.

"முதலாளி, எனக்கு மாசம் முப்பது. உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்டது ஆமை.

மொத்தையன் தொப்பை குலுங்கச் சிரித்தது. "எனக்கு எதுக்குச் சம்பளம்? கடையே என்னோடது! கல்லாவே என்னோடது!"

"நாளைக்குத் தேனும் தினையும் வாங்க வேண்டிய காசும் அதிலதானே இருக்கு?"

"நாளைக்கும் கூட்டம் வரும்! நீ மாவைப் பிசை!"

கூட்டம் வந்தது. கையும் பானைக்குள் போனது. இப்படியே இருபது மாதம் ஓடியது.

ஒரு நாள் தரை அதிர யானைத் தலைவி வந்தது. "வெள்ளிக்கிழமை என் மகளுக்குக் கல்யாணம். ஆயிரம் உருண்டை வேணும். பந்தி முடிஞ்சதும் மொத்தப் பணமும் தர்றேன். முடியுமா?"

"முடியுமாவா!" மொத்தையன் குட்டிக்கரணம் அடித்தது.

யானை போனதும் பானையைக் கவிழ்த்தது. மூன்று கொட்டையும் ஒரு சிலந்தியும் விழுந்தன!

தேன்கூட்டுக்கு ஓடியது. "ராணியம்மா! இருபது குடம் தேன்! காசு வெள்ளிக்கிழமை!"

"போன மாசமும் வெள்ளிக்கிழமைன்னுதான் சொன்னீங்க. எந்த வெள்ளின்னு சொல்லலையே!" என்றது ராணித் தேனீ. தேனீக்கள் துரத்திய துரத்தலில் மொத்தையன் குட்டைக்குள் பாய்ந்தது. வெளியே வந்தபோது மூக்கு பூசணிக்காய்போல வீங்கியிருந்தது.

"செங்கமலம், போச்சு! கல்யாண வீட்டை ஏமாத்தினா யானைங்க கடையை மிதிச்சே தரைமட்டமாக்கிடும்!" என்று கரடி தேம்பித் தேம்பி அழுதது.

ஆமை மெதுவாக மருதமரத்தடிக்குப் போனது. மெதுவாகத் தோண்டியது. இருநூறு கொட்டை!

"சம்பளம் வாங்கின அன்னைக்கே பத்தை எடுத்துப் புதைச்சிடுவேன். மிச்சத்திலதான் சாப்பாடு."

"என் தங்கமே! கொடு!"

"கையை எடுங்க! காசு என்னோடது. அதனால இந்த ஆர்டரும் என்னோடது, லாபமும் என்னோடது, இனிமே கடையும் என்னோடது. வேலை வேணும்னா சேர்ந்துக்கோங்க. மாசம் முப்பது கொட்டை!"

"எனக்கே சம்பளமா?"

"ஆமா. ருசி பார்த்தா, உருண்டைக்கு ஒரு கொட்டை பிடிப்பேன்!"

மொத்தையனுக்கு வேறு வழியில்லை. தன் வாயைத் தானே கொடியால் கட்டிக்கொண்டு மூன்று நாள் மாவு பிசைந்தது!

கல்யாணம் அமர்க்களப்பட்டது. மாப்பிள்ளை யானை மாலையைக்கூட மறந்து உருண்டை தின்றது. ஆயிரம் கொட்டை வந்து குவிந்தது. ஆமை தேனீக்களின் பழைய பாக்கியைத் தீர்த்தது. அடுத்த மாதச் சரக்குக்கு ஒரு பானை, சேமிப்புக்கு ஒரு பானை என்று பிரித்தது. கரடியின் கையில் முப்பதை எண்ணி வைத்தது.

அந்த மாதக் கடைசியில் மொத்தையன் தன் மடியைத் தடவிப் பார்த்தது. நான்கு கொட்டை!

"மிச்சம் இருக்கு! மாசக் கடைசியில மிச்சம் இருக்கு!" என்று கத்திக்கொண்டே குட்டையை மூன்று சுற்று ஓடியது. புலிதான் வருகிறதோ என்று பயந்து காட்டெருமை தண்ணீருக்குள் குதித்தது!

ஆறு மாதம் கழித்து, சேர்த்த கொட்டையைக் கொண்டுவந்து கரடி கடையில் பங்கு கேட்டது. ஆமை யோசித்துவிட்டுச் சம்மதித்தது. இப்போது கடைக்கு இரண்டு முதலாளிகள், இருவருக்கும் மாதச் சம்பளம்.

கடை தன்னுடையதே ஆனாலும், தனக்கென ஒரு சம்பளம் வைத்து அதற்குள் வாழாத முதலாளி தன் கல்லாவைத் தானே கொள்ளையடிக்கிறான்.