தளபதிக்கு வராத லகரம்

கொடுமலை நாட்டு அரண்மனைக்குக் கீழே ஒரு சுரங்கம் இருந்தது. மன்னர் தென்னவராயரின் பாட்டனார் வெட்டியது. மனிதர் வெட்டியதோடு விட்டாரா? மிதித்தால் உள்வாங்கும் கல், தொட்டால் அம்பு கக்கும் சுவர் என்று வழியெல்லாம் பொறி வைத்தார். கடைசி அறையில் குலத்து வாளை வைத்தார். எந்தப் பொறி எங்கே என்று ஒருவரிடமும் சொல்லாமல் கண்ணை மூடிவிட்டார். பெரிய மனிதர், என்ன செய்வது.

அந்த வாளை எடுத்துவரும் பொறுப்பு தளபதி வீரபுசங்கருடையது. மீசையைப் பார்த்தால் புலியே ஒதுங்கிப் போகும். ஒரே ஒரு குறை, நாக்கில் லகரம் வராது. எல்லா 'ல'வும் 'ள'வாகத்தான் உருளும். பாலைப் பாள் என்பார், மாலையை மாளை என்பார். அவையில் யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் மீசை துடிக்கும், கை இடுப்புக்குப் போகும்.

தீவட்டி பிடிக்கவும் மூட்டை சுமக்கவும் ஊரில் கூலிக்கு ஆள் சேர்த்துக்கொண்டு சுரங்கத்தில் இறங்கினார் தளபதி. அவருடைய உத்தி ரொம்ப எளிது. சந்தேகமான இடம் வந்தால் ஒரு கூலியாளின் முதுகில் கையை வைத்து, "முன்னாள் போ" என்று தள்ளுவார். அவன் விழுந்தால் அங்கே குழி இருக்கிறது. விழாவிட்டால் இல்லை. இப்படித்தான் மூக்கையன் என்ற சுமைகாரன் குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டான். அவனைத் தூக்கி மேலே சேர்த்த கையோடு மற்றவர்கள் ஓட்டம் பிடித்தார்கள்.

வேறு ஆள் பிடிக்கத் தளபதியே கடைத்தெருவில் நின்று கூவினார். "சுரங்கத்துக்குக் கூளி ஆட்கள் வேண்டும்!"

கூளி என்றால் பேய். ஊர் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்தது. தளபதி இப்போது பேய்களையே வேலைக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டது.

கடைசியில் ஓடிப்போனவர்களில் ஒருவன்தான் அகப்பட்டான். தீவட்டிக்காரன் சடையன். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி மனைவி. அவனைக் கையைக் கட்டி அவையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். திரும்பச் சுரங்கத்துக்குப் போய் முதல் ஆளாக நடக்க வேண்டும், இல்லையென்றால் தலை போகும். இதுதான் தளபதி கேட்ட தண்டனை.

"கூலிக்கு வந்தவன் பாதியில் ஓடலாமா?" என்று அதட்டினார் மன்னர்.

"தீவட்டி பிடிக்கத்தான் வந்தேன் மகாராசா. குழி எங்கன்னு விழுந்து காட்ட வரலை."

மன்னருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தளபதியை விட்டுக்கொடுக்க முடியாதே. பக்கத்தில் நின்ற அம்பலத்தானைப் பார்த்தார். அம்பலத்தான் அவை விகடகவி, வாயாலேயே பிழைக்கிற ஆள்.

"தளபதியாரே, கூலிக்காரர்களுக்கு நீங்கள் இட்ட கட்டளை என்ன? அவை அறியச் சொல்லுங்கள்" என்றார் அம்பலத்தான்.

தளபதி நெஞ்சை நிமிர்த்தினார். "ஒரே கட்டளைதான். இவர்கள் முன்னாள். நான் பின்னாள்."

"மன்னா, சடையனின் கட்டை அவிழ்க்கச் சொல்லுங்கள்" என்றார் அம்பலத்தான். "இவர்கள் முன்னாள் ஆட்களாம். அதாவது வேலையிலிருந்து நீக்கியாயிற்று. வேலையில் இல்லாதவன் சுரங்கத்தைவிட்டுப் போனால் ஓடினான் என்றா சொல்வது? வீட்டுக்குப் போனான். தளபதியாரோ பின்னாளில் வருவாராம். அவசரம் ஒன்றும் இல்லை போலிருக்கிறது."

அவை வாயைப் பொத்திக்கொண்டது. மன்னரின் உதடு துடித்தது, ஆனால் அடக்கிக்கொண்டார். "கட்டை அவிழுங்கள். ஆனால் அம்பலத்தாரே, பேச்சு சாமர்த்தியம் வாளைக் கொண்டுவராது. வாள் வராவிட்டால் உம்மைத்தான் சுரங்கத்துக்கு அனுப்புவேன். சொல்லும், யார் முன்னால் போவது?"

"படையை நடத்துகிறவர் யாரோ அவர்தான், மன்னா."

எல்லார் கண்ணும் தளபதி மேல் திரும்பியது. வீரபுசங்கருக்கு மீசைக்கடியில் வியர்த்தது. "மகாராஜா, இது என்ன நியாயம்? முன்னாள் தளபதி, பின்னாள் கூளியா?"

அம்பலத்தான் இரண்டு கையையும் கூப்பினார். "ஐயோ பாவம், தன் விதியைத் தானே சொல்லிவிட்டார். இன்றைக்கு முன்னாள் தளபதி. பின்னாளில் பேய். பதவியை அவர் வாயாலேயே விட்டாயிற்று, மன்னா. பேயாவதற்குள் கூலிக்காவது வைத்துக்கொள்ளலாம்."

அவ்வளவுதான், மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவிக் காதில் தொங்கியது. அதைச் சரிசெய்துகொண்டே, "வீரபுசங்கர் கூலிக்கு முன்னால் போகட்டும். சடையா, பின்னாலிருந்து ஆட்களை நீ நடத்துகிறாயா?" என்று கேட்டார்.

"நடத்துறேன் மகாராசா. ஆனா யாரையும் பிடிச்சுத் தள்ள மாட்டேன்."

இந்தச் சொல் ஊருக்குள் போனதும் ஓடிப்போன ஆட்களெல்லாம் தாமாகவே திரும்பி வந்தார்கள். சுரங்கத்தில் முதல் ஆள் வீரபுசங்கர், கையில் மூங்கில் கழி. இப்போது விழுந்தால் முறிவது அவருடைய கால் அல்லவா? சந்தையில் பானை வாங்குகிறவரைப் போல ஒவ்வொரு கல்லையும் தட்டித் தட்டிப் பார்த்துத்தான் அடி வைத்தார். பின்னால் சடையன் தீவட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "முன்னால் போங்க சாமி" என்பான். "முன்னாள்தானே போகிறேன்" என்பார் அவர். "முன்னாள் இல்லை சாமி, முன்னால். நாக்கு நுனியைப் பல்லுக்கிட்ட வைங்க." பயத்தில் நடுங்கிக்கொண்டே முனகி முனகிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார் மனிதர்.

வாளோடு வெளியே வந்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. மன்னர் தன் முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தானுக்குப் போட்டார். அவர் அதை அப்படியே மூக்கையன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.

"நல்ல மாலை" என்றார் வீரபுசங்கர்.

அவையே திகைத்துப் போனது. மாளை இல்லை, மாலை. தளபதிக்கே நம்ப முடியவில்லை. அந்தத் தைரியத்தில் மன்னர் முன் வந்து கும்பிட்டார். "மன்னா, ஒரு சந்தேகம். இனிமேல் நான் தளபதியா, முன்னாள் தளபதியா?"

மன்னர் அம்பலத்தானைப் பார்த்தார்.

"அது உங்கள் காலிடம்தான் இருக்கிறது" என்றார் அம்பலத்தான். "ஆட்களுக்கு முன்னால் போனால் தளபதி. பின்னால் போனால் முன்னாள்."