எதில் வைத்தால் கெடாது

அறுவை மருத்துவர் தாணுமூர்த்திக்கு ஐம்பத்தெட்டு வயது. கல்லீரலை உடம்புக்கு வெளியே உயிரோடு வைத்திருக்கும் இயந்திரத்தைக் கற்றுக்கொள்ள, முப்பத்துநான்கு வயது ஜெசிந்தாவிடம் போய்ச் சேர்ந்தார். அவரை ‘டீச்சர்’ என்றே கூப்பிட்டார். நர்ஸுகள் சிரித்தார்கள். தாணுமூர்த்தி சிரிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாகர்கோவிலிலிருந்து ஒரு கல்லீரல் வந்தது. மூளைச்சாவு அடைந்த தச்சர் ஒருவரின் வீட்டார் கொடுத்தது. வழியெல்லாம் வெள்ளம். ஐஸ் பெட்டியிலேயே பன்னிரண்டு மணி நேரம் போய்விட்டது.

“இது தேறாது, டீச்சர்.”

மேல்மாடியில் அழகம்மை காத்திருந்தார். பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர். இன்னொரு கல்லீரல் வரும்வரை அவர் தாங்க மாட்டார் என்பது இருவருக்கும் தெரியும்.

ஜெசிந்தா கையுறை மாட்டினார். கல்லீரலை இயந்திரத்தில் பொருத்தி, உடம்புச் சூட்டில் ரத்தத்தை ஓடவிட்டார். அது சாம்பல் நிறமாகக் கிடந்தது. இருவரும் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள்.

“எங்க வாத்தியார் காலத்துல சிறுநீரகத்தை உப்புத் தண்ணியில அலசி, ஐஸ்ல வச்சுக்கிட்டு ஓடுவாங்களாம்,” என்றார் தாணுமூர்த்தி. “சில மணி நேரம்தான் தாங்கும். அப்புறம் நல்ல கரைசல் வந்துது. ஒரு நாள் தாங்கிச்சு. முப்பது வருஷம் நான் குளிரைத்தான் நம்பினேன். நீங்க சூட்டுல வைக்கிறீங்க. அப்ப நான் செஞ்சதெல்லாம் தப்பா?”

“நாகர்கோவில்லேர்ந்து இதைக் கொண்டுவந்து சேர்த்தது ஐஸ்தானே, சார்.”

இரண்டாவது மணி நேரத்தில் ஓரங்கள் சிவந்தன. நான்காவது மணி நேரத்தில் குழாயின் நுனியில் பொன்னிறமாக ஒரு சொட்டுத் திரண்டது. பித்தநீர். கல்லீரல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. பின்னாலேயே இன்னொன்று. தாணுமூர்த்தி எழுந்து நின்றுவிட்டார். ரத்தப் பரிசோதனைச் சீட்டை இரண்டு தடவை படித்தார்.

“அழகம்மையைக் கீழே கொண்டுவரச் சொல்லுங்க,” என்றார்.

கத்தி பிடித்தவர் அவர்தான். ரத்தக்குழாய்க் கவ்விகளை விடுவித்ததும் அழகம்மையின் ரத்தம் பாய்ந்து கல்லீரல் முழுக்கச் சிவந்தது. அறையில் யாரோ கை தட்டினார்கள். யாரும் அதட்டவில்லை.

வெளியே கை கழுவும்போது கேட்டார்:

“ஐஸ், கரைசல், இயந்திரம், எல்லாத்துக்கும் ஒரு கெடு இருக்கு. எதுல வச்சா இது ரொம்ப நாள் கெடாம இருக்கும், டீச்சர்?”

“பத்து நாள் கழிச்சுக் கேளுங்க, சார்.”

பதினோராம் நாள் காலை கேட்டார். ஜெசிந்தா அவரை வார்டுக்கு அழைத்துப் போனார்.

அழகம்மை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் மஞ்சள் இல்லை. சாப்பாடு கொண்டுவந்தவரைப் பிடித்து வைத்துக்கொண்டு விளாசிக்கொண்டிருந்தார்.

“இதுக்குப் பேரு சாம்பாரா? நூத்தம்பது பிள்ளைங்களுக்கு ஒத்த ஆளா வைக்கிறேன் நான். ஒரு நாளாவது இப்படி வச்சிருப்பேனா? அடுத்த மாசம் பள்ளிக்கூடம் வந்து பாரு.”

அழகம்மையைக் கண்ணால் காட்டிவிட்டு ஜெசிந்தா மெல்ல அவர் பக்கம் திரும்பினார்.

“இதுலதான், சார்.”