வால் முடிச்சும் குட்டையனும்

ஒரு ஊர்ல ஒரு தக்காளி இலை. அதுக்குள்ள ஒரு சமையக்காரி, பேரு பச்சையம்மா. வெயிலைப் பிடிச்சு அடுப்புல போட்டு, களகளன்னு பாகு காய்ச்சுவா. காம்புல ஒரு பிஞ்சு, "யம்மா, பசிக்குது"ன்னு வாயைத் தொறந்துக்கிட்டே இருக்கும். அதுக்கு ஊட்டணும்ல? ம் சொல்லு.

அப்போ ஒரு நாள் அசுவினிப் பூச்சி வந்து இலையை நறுக்குன்னு குத்துச்சு. அந்த ஓட்டை வழியா சர்ருன்னு ஒரு நோய்க்கயிறு பூந்துடுச்சு. பேரு நெட்டையன். கூடவே கயிறு திரிக்கிறவர் மாசானம். அவருக்குக் கண்ணு தெரியாது. கயித்தோட வாலைத் தடவுவாரு. வால்ல முடிச்சு இருந்தா, அங்கேர்ந்து பின்னாடியே நடந்து அதே மாதிரி இன்னொண்ணு திரிப்பாரு. தலைப்பக்க முடிச்சு தட்டுப்பட்டா நிறுத்துவாரு. முடிச்சு இல்லேன்னா தொடவே மாட்டாரு.

ஒண்ணு பத்தாச்சு, பத்து நூறாச்சு. அடுப்படி பூரா கயிறு. அடுப்பு மங்கிப்போச்சு, இலை மஞ்சளாச்சு. பிஞ்சு அழுவுது.

மொதல்ல பச்சையம்மா கெஞ்சினா. "வழி விடுய்யா, புள்ளை பட்டினி."

"புள்ளைக்கு என்னையே ஊட்டேன் ஆத்தா!" நெட்டையன் கெக்கெக்கேன்னு சிரிச்சான்.

அப்புறம் அரிவாளை எடுத்து நறுக் நறுக்குன்னு வெட்டினா. வெட்ட வெட்டத் திரிச்சாரு மாசானம்.

மூணாவதா ஒரு வால் முடிச்சை அவுத்துப் பாத்தா. மாசானம் தடவிட்டு, "இது ஆகாது"ன்னு ஒதுக்கிட்டாரு. அட! ஆனா நூறு முடிச்சை எப்போ அவுக்க?

"சீக்கிரம்யா!"ன்னு நெட்டையன் விரட்டினான். அந்த அவசரத்துல மாசானத்துக்குக் கால் வழுக்குச்சு, தொப்! கை கயித்தோட நடு வயித்தைத் தாண்டித் தலைக்குத் தாவிடுச்சு. வந்தது ஒரு சாண் கயிறு. வால் இருக்கு, தலை இருக்கு, வயிறே இல்ல.

"அந்தக் குட்டையனைத் தூக்கிப் போடுய்யா!"ன்னு கத்தினான் நெட்டையன்.

"முடிச்சு சரியா இருக்கே தம்பி. இருந்தா திரிக்கணும்."

பச்சையம்மா சட்டுன்னு குட்டையனை எடுத்து அவர் கையில வச்சா. "திரிங்கண்ணே."

நெட்டையன் ஒண்ணு ஆகுற நேரத்துல குட்டையன் இருபது ஆனான். திரிக்கிற நாரெல்லாம் குட்டையனுக்கே போச்சு.

"எனக்கு எப்போய்யா?"

"வரிசையில நில்லு தம்பி."

நெட்டையனோட வம்பெல்லாம் வயித்துலதான். குட்டையனுக்கு வயிறு இல்லல்ல, வம்பு பண்ணத் தெரியல. ஓரமாச் சுருண்டு படுத்துக்கிட்டான்.

மஞ்சளான இலை மஞ்சளாத்தான் கிடந்துச்சு. ஆனா நெட்டையன் கூட்டம் பெருகாததால, அதுக்கு மேல விட்ட கொழுந்து பச்சைப்பசேல்னு வந்துச்சு. பச்சையம்மா அங்க போயி அடுப்பு மூட்டினா. பிஞ்சு குடிச்சுது, குடிச்சுது, கன்னம் செவந்து, அப்படியே கண்ணு சொக்கிப் போச்சு.

கதையை இறக்கி வச்சாச்சு. கண்ணை மூடு செல்லம்.