எருக்கஞ்செடிப் பால்பண்ணை

அன்று காட்டோரத்து எருக்கஞ்செடியின் அடியில் கூடியிருந்தவர்கள் இவர்கள்: சாணிவண்டு வாத்தியார் ஒருவர், வெட்டுக்கிளிகள் இரண்டு, நத்தை ஒன்று, மரவட்டை ஒன்று, பிள்ளைப்பூச்சிகள் மூன்று, பொறிவண்டு ஒன்று. ஆக, பண்ணையைப் பார்க்க வந்தவர்கள் ஒன்பது பேர். வரவேற்க நின்ற கட்டெறும்புகள் ஆறு. செடியின் மேலே, தளிரில், மஞ்சள் நிற அசுவினிப் பூச்சிகள் இருநூற்றுப் பன்னிரண்டு.

அந்த அசுவினிகள்தாம் எறும்புகளுக்கு மாடுகள். அவை தளிரில் வாய் வைத்துச் சாறு உறிஞ்சும். எறும்பு தன் உணர்கொம்பால் மெதுவாக முதுகைத் தடவினால், பின்பக்கம் ஒரு சொட்டு இனிப்பு நீர் விடும். எறும்புகள் அதைச் சேர்த்து, வெயிலில் இறுகவைத்து, உருண்டை பிடித்துப் புற்றில் அடுக்கும். மழைக்காலம் முழுவதும் புற்றிலுள்ள குஞ்சுகளுக்கு அதுதான் சாப்பாடு.

பண்ணையைச் சுற்றிக் காட்டும் வேலை சடைச்சி என்ற எறும்புக்கு. வாசல் காவல் பேச்சிக்கு.

பொறிவண்டைக் கண்டதும் பேச்சி வழியை மறித்தாள்.

"இவங்களுக்கு அனுமதி இல்லை! மாட்டைத் தின்கிற கூட்டம்!"

சாணிவண்டு வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "படிக்க வந்த பிள்ளைகளில் ஒருத்தியை மட்டும் வெளியே நிறுத்துவீங்களா? போன வாரம் தேன்கூட்டுக்குப் போனோம். ராணியம்மாவே வாசலுக்கு வந்து கூப்பிட்டாங்க! சரி, பிள்ளைகளே, திரும்புங்க!"

"திரும்பறதா? நான் இப்பதான் வந்து சேர்ந்தேன்!" என்றது நத்தை.

தேன்கூடு என்ற சொல் சடைச்சியைச் சுட்டது. தேனீக்களைவிடத் தாங்கள் எதில் குறைந்தவர்கள்?

"வாத்தியாரே, கொஞ்சம் பொறுங்க. வழி இருக்கு," என்றாள். எருக்கம் நாரைக் கொண்டுவரச் சொன்னாள். பொறிவண்டின் வாயைச் சுற்றி அதை இறுக்கிக் கட்டினாள். "இப்ப எப்படித் தின்பாங்க? உள்ளே விடு பேச்சி!"

பேச்சி ஒன்பது பேரையும் எண்ணி உள்ளே விட்டாள். மரவட்டை பாதி நுழைந்தபோதே, "கால்களையும் எண்ணணுமா அக்கா?" என்று ஒரு பிள்ளைப்பூச்சி கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள்.

சடைச்சி அன்று மிக நன்றாகப் பேசினாள். கறக்கும் விதத்தைக் காட்டினாள். உருண்டை பிடிப்பதைக் காட்டினாள். ஆளுக்கொரு சொட்டு ருசி பார்க்கக் கொடுத்தாள். அது மாட்டின் பின்பக்கத்திலிருந்து வருவது என்று கேட்டதும் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். சாணிவண்டு வாத்தியாருக்கு மட்டும் கண் பளபளத்தது.

"ஆகா! அப்ப நம்ம தொழிலும் உங்க தொழிலும் ஒண்ணுதான்!"

"அக்கா, இந்த மாடுகள் எத்தனை முட்டை போடும்?" என்று ஒரு வெட்டுக்கிளி கேட்டது.

"முட்டையா! எங்க மாடுகள் முட்டையே போடாது தம்பி. குட்டிதான் போடும். பிறந்த அன்னைக்கே உறிஞ்ச ஆரம்பிச்சிடும்!"

"ம்ம், ம்ம்ம்," என்றது பொறிவண்டு.

வெட்டுக்கிளி அதன் வாயருகே காதை வைத்துக் கேட்டது. "இலைக்குப் பின்பக்கம் வெயில் படுமான்னு கேட்கிறாங்க."

"படவே படாது! குளுகுளுன்னு இருக்கும். போய்ப் பாருங்க!" என்றாள் சடைச்சி. இப்படி அக்கறையாகக் கேள்வி கேட்கும் பார்வையாளரை அவள் பார்த்ததே இல்லை.

பொறிவண்டு இலைக்குப் பின்னால் போனது. சற்று நேரம் கழித்து வந்தது. வாயில் கட்டு அப்படியே இருந்தது.

மாலையில் எல்லாரும் இறங்கினார்கள். சடைச்சி பொறிவண்டின் கட்டை அவிழ்த்து, வாய்க்குள்ளும் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மாடுகளை எண்ணச் சொன்னாள். இருநூற்றுப் பன்னிரண்டும் இருந்தன. பேச்சி வாசலில் எண்ணினாள். ஒன்பது பேர் வந்தார்கள், ஒன்பது பேர் போனார்கள்.

"தேன்கூடெல்லாம் இதுக்கு முன்னால் ஒண்ணுமில்லை!" என்று வாத்தியார் போகிற போக்கில் சொன்னார். "வண்ணத்துப்பூச்சிகளிடம் சொல்றேன். அடுத்து அவங்க வருவாங்க!"

அப்போது மேலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது. மாடுகளிலேயே மூத்தது அது. அதற்குப் பவுனு என்று பெயர்.

"சடைச்சியக்கா! இலைக்குப் பின்னால் ஏதோ மஞ்சளா ஒட்டியிருக்கு. கொத்தாக் கிடக்கு. வந்து பாருங்களேன்."

"மஞ்சள்னா உங்க குட்டிகளா இருக்கும்!"

"அசையலையே அக்கா. முட்டை மாதிரி இருக்கு. நாங்கதான் முட்டையே போடாத..."

"பவுனு, விருந்தாளிகளை வழியனுப்பிட்டிருக்கேன். சும்மா இரு!"

பவுனு சும்மா இருந்தது.

ஒவ்வொரு மாலையும் எறும்புகள் இலைகளின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் புற்றுக்குத் திரும்பும். வெகுகால வழக்கம் அது. அன்று பார்க்கவில்லை. வாத்தியார் சொன்னதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வதிலேயே பொழுது போய்விட்டது. மறுநாளும் பார்க்கவில்லை. வண்ணத்துப்பூச்சிகள் வரப்போகின்றன அல்லவா? கறக்கும் எறும்புகளையும் கீழே இறக்கி, பாதையைக் கூட்டவும் வணக்கம் சொல்லவும் பழக்கினாள் சடைச்சி.

பத்து நாள் கழித்து வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. நடந்து வரவில்லை. நேரே செடியின் உச்சிக்குப் பறந்துவிட்டன. கீழே சடைச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க பண்ணையில் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு மாடுகள்!" என்று தொடங்கினாள்.

மேலிருந்து ஒரு வண்ணத்துப்பூச்சி எட்டிப் பார்த்தது.

"எங்கேம்மா மாடு? இங்கே வெறும் தோல்தான் கிடக்கு!"

சடைச்சி ஓடி ஏறினாள். தண்டெல்லாம் காற்றில் ஆடும் வெள்ளைத் தோல்கள். அவற்றுக்கு நடுவே கறுப்பாக, முள் முள்ளாக, வயிறு உப்பிய புழுக்கள். இலைக்குப் பின்னால் காலி முட்டை ஓடுகள் கொத்தாக ஒட்டியிருந்தன.

எறும்புகள் எல்லாம் சேர்ந்து புழுக்களைக் கடித்து, இழுத்து, கீழே தள்ளின. பேச்சிக்கு ஒரு கால் போயிற்று. கடைசிப் புழு விழுந்தபோது செடி அமைதியாக இருந்தது.

மறுநாள் சடைச்சி பொறிவண்டைத் தேடிப் போனாள். அது ஒரு காய்ந்த இலையின் மேல் உட்கார்ந்திருந்தது.

"இப்படிச் செய்யலாமா? நம்பித்தானே உள்ளே விட்டேன்!"

"நான் உன் பண்ணையிலிருந்து ஒரு சொட்டாவது எடுத்தேனா?" என்றது பொறிவண்டு. "எதையும் எடுக்கலை. விட்டுட்டுத்தான் போனேன். பிள்ளைங்களுக்குச் சாப்பாடு இருக்கிற இடமாப் பார்த்து விடறவதானே தாய்? நீயும் அதுங்களைத் தள்ளிட்டே. எனக்கும் இப்ப ஒண்ணும் இல்லை." பிறகு கேட்டது: "அன்னைக்குச் சாயங்காலம் எல்லார் பேச்சும் கேட்டுது எனக்கு. அந்தக் கிழட்டு மாடு உன்னைக் கூப்பிட்டுதே, நீ ஏன் போகலை?"

எங்க மாடுகள் முட்டையே போடாது என்று ஒன்பது பேர் முன்னால் சொன்னவள் சடைச்சிதான்.

திரும்பி வந்து செடியில் ஏறினாள். இலை இலையாகப் பின்பக்கத்தைப் பார்த்தாள். "பவுனு! பவுனு!" என்று கூப்பிட்டாள். குட்டி மாடுகள் சில பயந்துபோய்த் தண்டின் இடுக்கில் ஒண்டியிருந்தன. அவற்றில் பவுனு இல்லை.

தூரத்தில் இடி இடித்தது. புற்றுக்குள் குஞ்சுகள் பசித்து வாயைத் திறந்தன. பாதி அடுக்கியும் அடுக்காமலும் இருந்த உருண்டைகளைப் பேச்சி மூன்று மூன்றாகப் பிரித்துவைத்தாள். எப்படிப் பிரித்தாலும் மழைக்காலத்துக்கு அது போதாது.

விருந்தாளியின் புகழ்ச்சியைக் கேட்கும் காது வீட்டாரின் எச்சரிக்கையையும் கேட்க வேண்டும் என்று சடைச்சி உணர்ந்தபோது, அந்தச் செடியில் மீதி இருந்த மாடுகள் பதினேழு.