மயிலாத்தாள் தைத்த நீச்சலுடை

குரு சின்னவள், சிஷ்யை பெரியவள். குருவைப் பெற்றிருக்கக் கூடிய வயது சிஷ்யைக்கு. ஆனால் குளத்தில் வயது செல்லாது. நீந்தத் தெரிந்தவள்தான் அங்கே மூத்தவள்.

குருவின் பெயர் பெனிட்டா. திருப்பூரில் ஒரு நீச்சல் குளத்தில் காலை வேளையில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பெண்ணாக இருந்தாலும் எல்லோரும் அவளை ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். சிஷ்யை மயிலாத்தாளுக்கு அப்படிக் கூப்பிடுவதில் ஒரு கூச்சமும் இல்லை. பாதி ஆயுளைப் பனியன் கம்பெனியில் டெய்லராகக் கழித்தவள், எத்தனையோ மாஸ்டர்களிடம் திட்டு வாங்கியவள். திட்டாத மாஸ்டரை இங்கேதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

மார்பில் கட்டி என்று அவளுக்கு இடது பக்கத்தை முழுசாக எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தாள். ஆனால் இடது கை வீங்க ஆரம்பித்தது. குடம் தூக்க முடியவில்லை, தலை பின்னிக்கொள்ள முடியவில்லை. தையல் மிஷினில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே கை கனத்தது. தண்ணீரில் இறங்கிக் கையை வீசிப் பழகினால் வீக்கம் வடியும் என்றார் டாக்டர். விட்டுவிட்டால் கை இப்படியே இறுகிப்போகும் என்றும் சொன்னார். அந்தப் பயத்தில்தான் அவள் குளத்துக்கு வந்தாள்.

வந்த இடத்தில் ஒரு பலகை நின்றது. நைட்டியோடும் சுடிதாரோடும் இறங்கக் கூடாதாம். கடைகளில் ஏறி இறங்கினாள். தொங்கிய நீச்சலுடைகள் எல்லாம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தைத்திருந்தன. துணியில் குற்றமில்லை, அவளுக்குத்தான் போட முடியவில்லை. திருப்பூரில் பிறந்தவளுக்குத் துணிக்கா பஞ்சம்? கம்பெனி மிச்சத் துணியை எடைக்குப் போடும் கடையில், இழுத்தால் நீளும் நல்ல கறுப்பு லைக்ரா துண்டாகப் பார்த்து வாங்கி வந்து, முழங்கை வரை கை, முழங்கால் வரை கால் என்று வீட்டிலேயே தைத்துவிட்டாள். இடது பக்கம் மட்டும் உள்ளே ஸ்பாஞ்ச் வைத்து நிரப்பினாள். கண்ணாடியில் பார்த்தால் பழைய மயிலாத்தாளே நின்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

அந்தச் சந்தோஷம் தண்ணீரைத் தொடும்வரை இருந்தது. ஸ்பாஞ்ச் குளத்தைக் குடித்துக்குடித்துக் கல்லாய்க் கனத்து வயிற்றுக்கு இறங்கியது. மயிலாத்தாள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையால் எப்படி நீந்துவது? பாதியிலேயே கரையேறினாள்.

பெனிட்டா அருகில் வந்தாள். துண்டை மட்டும் நீட்டினாள்.

“சரி பண்ணிக்கறேனுங் மாஸ்டர்” என்றாள் மயிலாத்தாள்.

சரி பண்ணவும் செய்தாள். செருப்புத் தைக்கிறவரிடம் போய், தண்ணீர் குடிக்காத ரப்பர் ஷீட் வாங்கினாள். கிண்ணம்போல் வெட்டி, அடுக்கி, நகராதபடி சுற்றிலும் தைத்தாள். இந்த முறை இறங்கவில்லை அந்தச் சனியன். மேலே ஏறியது. அவள் மல்லாந்து மிதக்கப் பார்க்கும்போதெல்லாம் இடது பக்கம் எகிறிக்கொண்டு வந்து அவளை வலது பக்கம் புரட்டிவிட்டது. மூக்கில் தண்ணீர், வாயில் தண்ணீர். மறுபடி முயன்றாள், மறுபடி புரண்டாள். பக்கத்தில் நீந்திய ஒருத்தி சிரித்துவிட்டாள். வேறு எதற்கோ சிரித்திருக்கலாம். மயிலாத்தாளுக்கு அப்படித் தோன்றவில்லை.

உடை மாற்றும் அறைக்குப் போனாள். வெகு நேரம் கழித்துப் புடவையோடு வெளியே வந்தாள். கையில் நீச்சலுடை சொட்டிக்கொண்டிருந்தது. மற்றப் பெண்கள் எல்லாம் போயிருந்தார்கள். பெனிட்டா கரையில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“நாளையிலருந்து நான் வரலைங் மாஸ்டர்.”

“கை?”

“அது எப்புடியோ போவட்டுமுங்க. இந்த ஒடம்பு இனி நேரா நிக்காது. ஒரு பக்கம் இல்லாத ஒடம்பு சாயாம என்ன பண்ணும்?”

பெனிட்டா கையை நீட்டினாள். “அதைக் கொஞ்சம் குடுங்கக்கா.”

மயிலாத்தாள் நீச்சலுடையைக் கொடுத்தாள். பெனிட்டா அதை விரித்துத் தண்ணீரின் மேல் மெல்ல வைத்தாள். இருவரும் பார்த்தார்கள். உடையின் இடது பக்கம் மட்டும் கவிழ்த்த கிண்ணமாய் மிதந்தது. மிச்சமெல்லாம் வலது பக்கமாகப் புரண்டு தண்ணீருக்குள் தொங்கியது.

“உள்ள யாருக்கா இருக்கா?”

“யாருமில்லீங்க.”

“அப்பவும் சாயுதே.”

மயிலாத்தாள் குனிந்து பார்த்தாள். டெய்லர் புத்தி அவமானத்தையும் மீறி எட்டிப் பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்ப என்ற தையல்லதான் தப்புங்களா? எங்கீன்னு சொல்லுங் மாஸ்டர். போறதுக்கு முன்னால அதையாவது தெரிஞ்சுட்டுப் போறேன்.”

“எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூட வராதுங்கக்கா. நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. இந்த ரப்பர் எதுக்கு?”

“அந்தப் பக்கம் காலியா இருக்குதுங்களே. உட்டா தண்ணி போயி ரொம்பிக்கும். அதான் வெச்சு அடைச்சேன்.”

“காலியா ஏன் இருக்கு?”

என்ன கேள்வி இது என்று மயிலாத்தாளுக்குக் கோபம் வந்தது. தெரிந்துகொண்டே கேட்கிறாளே இந்தப் பெண்.

“உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“உங்க உடம்பைக் கேக்கலைங்கக்கா. துணியைக் கேக்கறேன். துணியை வெட்டினது நீங்கதானே? அந்தப் பக்கம் அவ்வளவு துணி எப்படி வந்துச்சு?”

“அளவுப்படி வெட்டுனா அம்புட்டுத்தானுங்க வரும்.” தொழிலைத் தொட்டதும் அவள் குரல் நிமிர்ந்தது. “நான் கண்ணளவுல வெட்டுற ஆளு இல்லீங் மாஸ்டர். அளவு ஜாக்கெட்டு வெச்சுத்தான் வெட்டுனேன்.”

ஒட்டிப் பிடித்தமாதிரி பொருந்திய ஒரு ரவிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தே புதுசை வெட்டுவது ஊரில் எல்லா டெய்லரும் செய்கிற வேலைதான். டேப் பிடித்து நிற்கிற தொந்தரவு இல்லை. யாரும் தொட வேண்டியதும் இல்லை.

“அது எப்பத் தெச்சதுங்கக்கா?”

“என்ற மவ கல்யாணத்துக்கு. அந்த மாதிரி ஒரு பிட்டிங் அதுக்கப்புறம் எனக்கு அமையவே இல்...”

வாய் அப்படியே நின்றுவிட்டது. மகள் கல்யாணம் முடிந்த அடுத்த வருஷம்தான் அவளுக்கு ஆபரேஷன் நடந்தது.

தண்ணீரில் அந்தக் கறுப்பு உடை புரண்டபடியே மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. மயிலாத்தாள் அதை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். புடவை நனைவதை அவள் கவனிக்கவில்லை. எத்தனையோ பேருக்கு அளவெடுத்தவள். ஆபரேஷனுக்குப் பிறகு தன் இடது பக்கத்தில் அவள் டேப் வைத்ததே இல்லை. குளிக்கும்போது சோப்பைக்கூட அவசரமாகத்தான் தேய்ப்பாள். இப்போது அந்த ரப்பர் கிண்ணத்தை விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

பிறகு கேட்டாள். “அந்த ஜாக்கெட்டு மாதிரி நான் இனி ஆவவே முடியாதுங்களா மாஸ்டர்?”

பெனிட்டா அவள் வீங்கிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல் நுனியிலிருந்து தோள் பக்கமாக, பூப்போல நீவிவிட்டாள்.

“அந்த ஜாக்கெட்டுக்கு நீச்சல் சொல்லிக்குடுக்க எனக்குத் தெரியாதுங்கக்கா. உங்களுக்குன்னா சொல்லித் தரேன்.”

மயிலாத்தாள் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, இடது பக்கத்துத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.