செவத்தையாவின் காய்ச்சல்

“எல்லாச் சோதனையும் முடிஞ்சது மேடம். ஒண்ணுலயும் ஒண்ணும் இல்ல” என்றார் குணாளன்.

பேராசிரியர் சலேத்மேரி நிமிரவில்லை.

குணாளன் பதினான்கு ஆண்டுகள் கிராமத்துச் சுகாதார நிலையங்களில் மருத்துவம் பார்த்துவிட்டு மேற்படிப்புக்கு வந்தவர். ஆசிரியையைவிட நான்கு வயது மூத்தவர். அது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

“நாலாம் கட்டில், செவத்தையா. ரெண்டு மாசமாக் காய்ச்சல். இதய வால்வுல புண். மூணு தடவை ரத்தம் எடுத்து வளர்த்துப் பார்த்தாச்சு, கிருமி இல்ல. உடம்பே உடம்பைத் தாக்குற நோய்தான் இது. நாளைக்குக் காலையில ஸ்டீராய்டு ஆரம்பிக்கணும். கையெழுத்துப் போடுங்க.”

“கிருமி இருந்து, நம்ம கண்ணுல படாம இருந்தா?”

“ஸ்டீராய்டு அதுக்குக் கதவைத் திறந்து விட்டுரும். ஆள் தாங்க மாட்டார்.”

சலேத்மேரி நோயாளியின் தாள்களைப் புரட்டினார். முதல் பக்கத்தில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

தொழில்: கூலி.

“என்ன கூலி?”

அந்த மருத்துவமனையில் அழுக்கு வேட்டியோடு வருகிற எல்லோருக்கும் அதுதான் தொழில். யாரும் கேட்டு எழுதுவதில்லை. பார்த்து எழுதுவார்கள்.

சலேத்மேரி பேனாவை மூடி வைத்தார்.

குணாளன் நாலாம் கட்டிலுக்குப் போனார். வந்தார்.

“ஆட்டுக் கிடையில கூலி, மேடம்.”

“அங்க என்ன வேலை?”

“ஆடு மேய்க்கிறதுதான். வேறென்ன?”

“அதை என்கிட்டயா கேக்குறீங்க?”

மறுபடியும் போனார். இம்முறை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“கிடையில உங்க வேலை என்ன? ஒண்ணு விடாமச் சொல்லுங்க.”

செவத்தையா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “எதுக்கு டாக்டரய்யா? வேலைக்கு வரப் போறீகளா?”

பக்கத்துக் கட்டிலில் சிரித்தார்கள்.

“வர்றேன். சொல்லுங்க.”

“பகல்ல மேய்ப்போம். பொழுது சாஞ்சா வயக்காட்டுல பட்டி போட்டு அடைப்போம், எருவுக்கு. ஈத்துல குட்டி மாட்டிக்கிட்டா கைய விட்டு இழுத்துப் போடுவேன். இந்த வருசம் பாதி ஆடு குறைமாசத்துலயே ஈனிருச்சு. அம்புட்டும் செத்த குட்டி. அள்ளிப் பொதைச்சதும் நாந்தான்.”

குணாளன் கையிலிருந்த தாள்களைப் பிரித்தார்.

ஈனும் ஆட்டிடமிருந்து மனிதனின் இதயத்துக்குப் போகிற கிருமி ஒன்று உண்டு. வழக்கமான சோதனையில் அது வளராது. தனிச் சோதனை வேண்டும், தனி மருந்து வேண்டும். தேர்வில் அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறார்.

ஸ்டீராய்டு என்று எழுதியிருந்த வரியை அடித்தார். அந்தச் சோதனையின் பெயரை எழுதினார். ஓடுவதற்கு எழுந்தவர், நின்றார்.

திரும்ப உட்கார்ந்தார்.

“உங்களோட சேர்ந்து குட்டி இழுத்தது வேற யாரு?”

செவத்தையா கட்டிலுக்குக் கீழே பார்த்தார்.

இருபது நாளாக அங்கேயே படுத்து எழுகிற அவர் மனைவி ஒச்சம்மாள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உச்சி வெயில் நேரத்திலும், முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தார்.

“எனக்கு ஒண்ணுமில்லய்யா” என்றார். “லேசாக் குளிருது, அம்புட்டுத்தான். நீங்க அவரைப் பாருங்க.”